யாரும் ஊற்றாத செம்பு: பிசிபி வரையத் தொடங்குபவர்களுக்கு

பிசிபி, அதாவது பாகங்களைப் பொருத்தும் மின்சுற்று அட்டை, வரையக் கற்றுக்கொள்பவர்கள் எல்லோருக்கும் ஒரு நாள் இது நடக்கும். சர்க்யூட் வரைந்தாயிற்று, பாகங்களை அடுக்கியாயிற்று, பாகங்களை இணைக்கும் செம்புக் கோடுகளான டிரேஸ்களையும் ஒருவழியாக இழுத்து முடித்தாயிற்று. கிரவுண்ட் மட்டும் பாக்கி. "போர்டைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு கிரவுண்டை நிரப்பிவிடு" என்று யாரோ சொல்கிறார்கள். போடுகிறீர்கள். ஒரு விசையைத் தட்டியதும் திரை முழுக்க ஒரே நிறமாகிறது. அதுவரை இணைப்பு பாக்கி என்று காட்டிக் குறுக்கும் நெடுக்குமாகத் தொங்கிக்கொண்டிருந்த மெல்லிய கோடுகள் மாயமாகின்றன. வேலை முடிந்தது என்று தோன்றும். அங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். இதைக் காப்பர் போர் என்கிறார்கள், செம்பை ஊற்றுவது என்று பொருள். தமிழில் 'போர்' என்று எழுதினால் சண்டைதான் நினைவுக்கு வருகிறது, அதனால் செப்புப் பரப்பு என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். உண்மையில் யாரும் எதையும் ஊற்றுவதில்லை. போர்டு தயாரிக்கும் இடத்துக்கு வரும் அட்டையே முழுக்கச் செம்பு போர்த்தித்தான் வருகிறது. கண்ணாடி இழையும் எபாக்ஸியும் சேர்ந்த அட்டை, அதன் இரண்டு முகத்திலும் செம்புத் தோல். 1 அவுன்ஸ் செம்பை 1 சதுர அடியில் பரப்பினால் என்ன தடிமன் வருமோ அதுதான் வழக்கமான கணக்கு. சுமார் 35 மைக்ரான். வேண்டிய இடங்களை மூடிவைத்துவிட்டு மீதியை ரசாயனத்தில் கரைத்து எடுக்கிறார்கள். ஆக டிரேஸ் என்பது கரைக்காமல் விட்ட கோடு. செப்புப் பரப்பு என்பது கரைக்காமல் விட்ட மைதானம்.

இப்படிப் பார்க்கப் பழகினால் கேள்வியே மாறிவிடும். செம்பை எங்கே வைக்கலாம் என்பது போய், எங்கே எடுக்கிறோம், எடுத்ததால் எது துண்டானது என்று கேட்கத் தோன்றும். நிரம்பிய திரையைப் பார்க்கும்போது கண் நிறத்தின் மேல்தான் போகும். போக வேண்டியது நிறம் இல்லாத இடத்துக்கு.

நீங்கள் போடுவது வேலி மட்டும்

கிகேட், அல்டியம், ஈகிள் என்று எந்த மென்பொருளானாலும் செப்புப் பரப்பு என்பது ஒரு படம் இல்லை. அது ஒரு கட்டளை. நீங்கள் கொடுப்பது மூன்றே விஷயம். எல்லைக்கோடு எது, எந்த லேயரில் (எந்தச் செம்பு அடுக்கில்) எந்த நெட்டை, அதாவது ஒன்றாக இணைய வேண்டிய கால்களின் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது, என்னென்ன விதிகள். மீதியை மென்பொருள் கணக்குப் போடுகிறது. எல்லைக்குள் முழுவதையும் செம்பாக எடுத்துக்கொண்டு, வேறு நெட்டைச் சேர்ந்த ஒவ்வொரு டிரேஸையும், பாகத்தின் கால் ஒட்டும் பேடையும், லேயர்களை இணைக்கும் துளையான வயாவையும் சுற்றிச் சொன்ன அளவுக்கு இடைவெளி வெட்டுகிறது. தன் நெட்டைச் சேர்ந்த பேடுகளோடு மட்டும் இணைகிறது.

கணக்கின் விடை என்பதால் அது பழையதாகியும் போகும். நிரப்பிய பிறகு ஒரு டிரேஸை நகர்த்தினால், சில மென்பொருள்களில் பரப்பு தானாக மாறாது. பழைய வடிவத்திலேயே உட்கார்ந்திருக்கும். இதில் நானே ஒருமுறை மாட்டியிருக்கிறேன். எல்லாம் முடிந்து கோப்பு அனுப்பப் போகும் நேரத்தில் ஒரு 5 வோல்ட் வயாவை அரை மில்லிமீட்டர் தள்ளி வைத்தேன். சின்ன மாற்றம்தானே என்று, இடைவெளிகள் சரியாக இருக்கின்றனவா என்று மென்பொருளே பார்க்கும் விதிச் சோதனையை மறுபடி ஓட்டவில்லை, பரப்பையும் மறுபடி நிரப்பவில்லை. வந்த பத்து போர்டிலும் 5 வோல்ட்டும் கிரவுண்டும் ஒன்றாக இருந்தன. சோதனையை ஓட்டியிருந்தால் பத்து வினாடியில் சிவப்புக் குறி காட்டியிருக்கும். தயாரித்தவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, கொடுத்ததை அச்சுப் பிசகாமல் செய்து கொடுத்திருந்தார்கள்.

கிகேட்டில் பி விசையைத் தட்டினால் எல்லாப் பரப்பும் மறுபடி நிரம்பும். தயாரிப்புக் கோப்பு எடுக்கும் சாளரத்திலேயே, எடுப்பதற்கு முன் பரப்புகளைச் சரிபார்க்கச் சொல்லும் ஒரு தேர்வு உண்டு. அதை எப்போதும் டிக் செய்தே வைத்திருங்கள். அல்டியத்தில் எல்லாவற்றையும் மறுபடி நிரப்பும் கட்டளை பாலிகன் மெனுவில் இருக்கிறது. ஈகிளில் கோப்பைத் திறந்தவுடன் வெறும் எல்லைக்கோடு மட்டும் தெரிந்து பலர் பதறுவார்கள். ராட்ஸ்னெஸ்ட் கட்டளை கொடுத்தால் நிரம்பிவிடும்.

மின்சாரம் திரும்பிப் போகும் வழி

எதற்காக இவ்வளவு செம்பு? 'கிரவுண்ட் என்பது பூஜ்ஜிய வோல்ட், எங்கே தொட்டாலும் ஒன்றுதான்' என்று சர்க்யூட் படம் நமக்குப் பழக்கிவிட்டது. படத்தில் அந்த முக்கோணக் குறியைப் போட்டால் கதை முடிந்தது. போர்டில் முடிவதில்லை. ஒரு சிப்பிலிருந்து கிளம்பிய மின்னோட்டம் எந்த டிரேஸ் வழியாகப் போனாலும் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தாக வேண்டும், அந்தத் திரும்பும் பாதைதான் கிரவுண்ட். போகும் பாதையை ஒவ்வொன்றாக அக்கறையோடு வரைகிறோம். வரும் பாதையைப் பரப்பின் தலையில் கட்டிவிடுகிறோம்.

அந்தப் பாதை எப்படி அமைகிறது என்பது வேகத்தைப் பொறுத்தது. நேர்மின்னோட்டமாக இருந்தால் மின்தடை குறைந்த வழியைப் பார்த்து, பரப்பு முழுக்க விரிந்து போகும். சில நூறு கிலோஹெர்ட்ஸைத் தாண்டியதும் கதை வேறு. அப்போது மின்தூண்டல் குறைந்த வழிதான் எளிய வழி. போகும் டிரேஸுக்கு நேர் கீழே, அதன் நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டே திரும்பி வரும். அந்த நிழலுக்கு வழி விட்டிருக்கிறோமா என்பதுதான் விஷயம். டிரேஸுக்குக் கீழே பரப்பில் ஒரு பிளவு இருந்தால், திரும்பும் மின்னோட்டம் பிளவைச் சுற்றிக்கொண்டு போகிறது. போகும் வழிக்கும் வரும் வழிக்கும் நடுவே ஒரு வளையம் உருவாகிறது. வளையம் என்றால் ஆண்டெனா. சுற்றியுள்ள இரைச்சலை வாங்கும், தன் இரைச்சலை வெளியே தள்ளும். 'என் சர்க்யூட் ஒரு மெகாஹெர்ட்ஸ்தானே' என்று நினைக்க வேண்டாம். சிக்னல் ஒரு நிலையிலிருந்து மறு நிலைக்குத் தாவும் அந்தக் கணம் எவ்வளவு குறுகியது என்பதுதான் கணக்கு. இன்றைய சிப்புகள் பலவும் சில நானோவினாடியில் தாவுகின்றன.

பிளவா, நான் எங்கே வெட்டினேன் என்பீர்கள். நீங்கள் வெட்டியிருக்க மாட்டீர்கள், விதி வெட்டியிருக்கும்.

எண்களோடு ஓர் உதாரணம் பார்ப்போம். போர்டின் நடுவே பத்துப் பின் கொண்ட ஒரு ஹெடர் வரிசை. ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் 2.54 மி.மீ. ஒவ்வொரு பின்னைச் சுற்றியும் 1.7 மி.மீ. விட்டத்தில் பேட். இரண்டு பேடுக்கு நடுவே மிச்சம் 0.84 மி.மீ. கிகேட்டில் புதிதாக ஒரு பரப்பு வரைந்தால் அதன் கிளியரன்ஸ், அதாவது மற்ற நெட்டுகளிலிருந்து விடும் இடைவெளி, 0.5 மி.மீ. என்றுதான் நிரப்பப்பட்டு வரும். இரு பக்கமும் 0.5 விட்டால் 1 மி.மீ. வேண்டும், இருப்பதோ 0.84. ஆக, பின்களுக்கு நடுவே ஒரு துளி செம்பும் போகாது. பத்துப் பின்னின் பள்ளங்களும் ஒன்றோடொன்று சேர்ந்து பரப்பின் நடுவே சுமார் 25 மி.மீ. நீளத்துக்கு ஒரு அகழி வெட்டியாகிவிட்டது. நீங்கள் போட்டது வெறும் ஹெடர்.

சரி, கிளியரன்ஸை 0.3 ஆக்கிப் பார்ப்போம். 0.84-இல் 0.6 போக 0.24 மிச்சம். செம்பு நுழைய இடம் இருக்கிறது, ஆனாலும் நுழையாது! ஏனென்றால் பரப்பின் குறைந்தபட்ச அகலம் என்று இன்னொரு விதி இருக்கிறது. அது வழக்கமாக 0.25. நூலிழையில் தோற்றுவிடுகிறது. 0.25 கிளியரன்ஸ் வைத்தால் மிச்சம் 0.34, இப்போது ஒவ்வொரு பின்னுக்கு நடுவிலும் ஒரு சின்னப் பாலம் வந்துவிடும், அகழி காணாமல் போகும். தயாரிப்பவர்கள் எந்த அளவு வரை செய்து தருவார்கள் என்று பார்த்துக்கொண்டு இந்த எண்ணைக் குறையுங்கள். சாதாரண இரண்டு லேயர் போர்டுக்கு 0.25 பெரும்பாலும் பிரச்சினை இல்லை.

அந்தக் குறைந்தபட்ச அகல விதி நம்மை வதைப்பதற்காக வைத்ததில்லை. மெல்லிய செம்பு நாக்குகள் ரசாயனத் தொட்டியில் அட்டையை விட்டு உரிந்து, மிதந்து போய் வேறெங்காவது ஒட்டிக்கொள்ளலாம். அவற்றை முன்கூட்டியே கழித்துவிடத்தான் அந்த விதி.

பிளவாவது கண்ணுக்குத் தெரியும். கழுத்து தெரியாது. இரண்டு பெரிய செம்பு மைதானங்கள் இருக்கும், அவற்றுக்கு நடுவே இரண்டு டிரேஸ்களுக்கு இடையில் நெளிந்து போகும் ஒரே ஒரு ஒல்லிப் பாதை. மென்பொருளைக் கேட்டால் இணைப்பு இருக்கிறது, தவறு எதுவும் இல்லை என்றே சொல்லும். அது சொல்வது பொய்யும் இல்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 அவுன்ஸ் செம்பில் ஒரு சதுரத்தின் மின்தடை சுமார் அரை மில்லி ஓம். சதுரம் சிறிதோ பெரிதோ ஒரே மதிப்புதான், அதுதான் இந்தக் கணக்கின் அழகு. கழுத்தின் அகலம் 0.25, நீளம் 10 மி.மீ. என்றால் 40 சதுரங்கள் வரிசையாக நிற்கின்றன. 20 மில்லி ஓம். ஒரு மோட்டாரோ எல்இடி வரிசையோ எடுக்கும் 1 ஆம்பியர் அதன் வழியாகத் திரும்பினால் 20 மில்லி வோல்ட் வீழ்ச்சி. அந்தப் பக்கம் இருக்கும் சென்சாரின் பூஜ்ஜியம் இந்தப் பக்கத்துப் பூஜ்ஜியத்தைவிட 20 மில்லி வோல்ட் மேலே நிற்கிறது. 3.3 வோல்ட்டை 4096 படியாகப் பிரித்து எண்ணாக மாற்றும் 12 பிட் ஏடிசியில் ஒரு படி 0.8 மில்லி வோல்ட். மோட்டார் ஓடும்போதெல்லாம் அளவு 25 படி நகரும். நாம் உட்கார்ந்து புரோகிராமில் சராசரி எடுத்துக்கொண்டிருப்போம்.

சூடு எங்கே ஓடிவிடுகிறது

நிரம்பிய பரப்பில் கிரவுண்ட் பேடுகளை உற்றுப் பாருங்கள். பேடு நேராகச் செம்பில் கரைந்திருக்காது. சுற்றிலும் ஒரு பள்ளம், அதைத் தாண்ட நான்கு சின்னக் கைகள், சக்கரத்தின் ஆரக்கால்கள் மாதிரி. இதற்குப் பெயர் தெர்மல் ரிலீஃப். புதிதாக வரைபவர்கள் 'முழுசாக இணைத்தால் நல்லதுதானே, எதற்கு இந்தக் கஞ்சத்தனம்' என்று இதை அணைத்துவிடுவார்கள். அப்புறம் சோல்டர் செய்யும்போது தெரியும்.

செம்பு சூட்டைக் கடத்துவதில் போர்டு அட்டையைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் கெட்டிக்காரன். பெரிய பரப்பில் முழுசாக இணைந்த ஒரு பேடில் சோல்டரிங் அயர்னை வைத்தால், நீங்கள் கொடுக்கும் சூடு பேடில் தங்காமல் போர்டு முழுக்கப் பாய்ந்துவிடும். ஈயம் உருகாது, உருகினாலும் ஒட்டாமல் உருண்டை கட்டி நிற்கும். அதைக் கழற்ற வேண்டிய நாள் வந்தால் இன்னும் கொடுமை. அந்த நான்கு கைகளும் மின்சாரத்துக்குப் போதுமான வழி, சூட்டுக்கு இறுக்கமான வாசல்.

இயந்திரத்தில் அடுப்பேற்றிச் சோல்டர் செய்யும் மிகச் சிறிய பாகங்களில் வேறொரு வேடிக்கை. ஒரு முனை பெரிய பரப்பிலும் மறுமுனை ஒல்லி டிரேஸிலும் இருந்தால், ஒரு பக்கத்து ஈயம் முதலில் உருகிப் பாகத்தை இழுத்துவிடும். கெப்பாசிட்டர் நடுகல் மாதிரி ஒற்றைக் காலில் எழுந்து நிற்கும்.

எல்லா இடத்துக்கும் இது பொருந்துமா என்றால், இல்லை. ரெகுலேட்டரின் வயிற்றுப் பேடு, பவர் மாஸ்ஃபெட்டின் அகன்ற கால் இவையெல்லாம் சூட்டை வெளியே தள்ளுவதற்காகவே செம்பை நாடுகின்றன. அங்கே முழு இணைப்புத்தான் சரி. கூடவே கீழ் லேயருக்குச் சூடு இறங்க வயாக்களும் வேண்டும். கிகேட்டில் பரப்பு முழுவதற்கும் ஒரு வழக்கம் வைத்துவிட்டு, குறிப்பிட்ட பேடுக்கு மட்டும் அதன் பண்புகளில் போய் மாற்றிக்கொள்ளலாம். ஒரு பேடின் கைகளில் இரண்டு, மூன்றைப் பக்கத்து டிரேஸ்கள் மறித்து ஒன்றே ஒன்றுதான் மிஞ்சினால், விதிச் சோதனையில் எச்சரிக்கை வரும். அதைத் தட்டிக் கழிக்காதீர்கள். அந்த ஒற்றைக் கைதான் சற்று முன் பார்த்த கழுத்து.

தீவுகளும் தையலும்

டிரேஸ்கள் சூழ்ந்து, எதனோடும் ஒட்டாமல் தனித்து நிற்கும் செம்புத் துண்டுகளைத் தீவு என்கிறார்கள். எந்த மின்னழுத்தத்திலும் கட்டப்படாததால் இவை அருகிலுள்ள சிக்னலை வாங்கி அடுத்த சிக்னலுக்குக் கொடுக்கும் தரகர் வேலை பார்க்கும். பேடு எதுவும் இல்லாத தீவுகளை மென்பொருளே நீக்கிவிடும். அந்தத் தேர்வை அப்படியே விடுங்கள். கிரவுண்ட் பேடோடு சேர்ந்த தீவு மட்டும் நிற்கும், இணைப்பு பாக்கி என்ற கோடும் கூடவே நிற்கும். ஒரு வயா போட்டு அடுத்த லேயரின் கிரவுண்டோடு கட்டிவிட்டால் தீர்ந்தது.

மேல், கீழ் இரண்டு பரப்பையும் அங்கங்கே வயாக்களால் கட்டுவதற்குத் தையல் என்று பெயர், பொருத்தமான பெயர்தான். எவ்வளவு நெருக்கமாகத் தைப்பது? அலைநீளத்தில் இருபதில் ஒரு பங்கு என்று ஒரு கைக்கணக்கு உண்டு. 1 கிகாஹெர்ட்ஸில் போர்டுக்குள் அலைநீளம் ஏறக்குறைய 15 செ.மீ., ஆக 7 மி.மீ. சுமாருக்கு ஒன்று. வானொலி அலை சமாசாரம் எதுவும் இல்லாத போர்டுக்கு இவ்வளவு நெருக்கம் தேவையில்லை. ஆனால் சிக்னல் டிரேஸ் ஒன்று மேலிருந்து கீழே இறங்கும் இடத்தில், பக்கத்திலேயே ஒரு கிரவுண்ட் வயா கட்டாயம் வையுங்கள். நிழலும் கூடவே இறங்க வேண்டாமா?

செம்பு கூடாத இடங்கள்

நிரப்பும் ஆர்வத்தில் செம்பைப் போட்டுவிடக் கூடாத இடங்கள் சில உண்டு. இஎஸ்பி32 போன்ற வயர்லெஸ் மாட்யூல்களின் ஆண்டெனாவுக்குக் கீழும் சுற்றிலும் எந்த லேயரிலும் செம்பு இருக்கக் கூடாது. எவ்வளவு இடம் என்பதை அதன் டேட்டாஷீட்டில் படம் போட்டே காட்டியிருப்பார்கள். செம்பை அண்டவிட்டால் ஆண்டெனா தடம் புரளும், வைஃபை தூரம் சுருங்கும். 230 வோல்ட் நுழையும் போர்டாக இருந்தால் இன்னும் கவனம். பரப்புக்கு நீங்கள் 0.25 என்று விதி கொடுத்தால் மெயின்ஸ் டிரேஸுக்கும் அதே 0.25-இல் கிரவுண்டைக் கொண்டுபோய் ஒட்டிவைக்கும். மென்பொருளுக்கு உயிர் பயம் கிடையாது. அங்கே பல மில்லிமீட்டர் இடைவெளி தேவை, பாதுகாப்புத் தரநிலையைப் பார்த்துத்தான் எண்ணை எழுத வேண்டும். இந்த இடங்களில் எல்லாம் செம்பு நுழையாதபடி தடைப் பகுதி ஒன்றை வரைந்துவிடலாம்.

ஸ்விட்சிங் ரெகுலேட்டரில் சிப்புக்கும் காயிலுக்கும் நடுவே இருக்கும் இணைப்பு இன்னொரு வகை. நொடிக்குப் பல லட்சம் முறை மேலும் கீழும் துள்ளும் நெட் அது. மின்னோட்டம் அதிகம் என்று அதற்குத் தாராளமாகப் பரப்புப் போட்டால், இரைச்சலைத் தாராளமாக விநியோகம் செய்கிறீர்கள் என்று பொருள். ஓட்டத்துக்குத் தேவையான அகலம், அதற்கு மேல் வேண்டாம். உள்ளே வரும் மின்சாரத்துக்கும் வெளியே போகும் மின்சாரத்துக்கும் அகலமான பரப்புகள் நல்லது. அவற்றை வரையும்போது கிரவுண்ட் பரப்போடு மோதும். எது முந்தி நிரம்புவது என்பதைத் தீர்மானிக்க முன்னுரிமை எண் இருக்கிறது. கிகேட்டில் பெரிய எண் முதலில் இடம் பிடிக்கும், சின்ன எண் அதைச் சுற்றி ஒதுங்கும். கிரவுண்டுக்குப் பூஜ்ஜியம், மற்றவற்றுக்கு அதற்கு மேல் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

மேலேயும் நிரப்ப வேண்டுமா?

இதில் ஆளுக்கு ஒரு கருத்து உண்டு. என் கருத்து இது. இரண்டு லேயர் போர்டில் கீழ் லேயரைக் கிரவுண்டுக்கே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பாகங்களும் டிரேஸ்களும் கூடுமானவரை மேலே. மேலே வழி கிடைக்காத டிரேஸ் மட்டும் கீழே இறங்கி, குட்டையாக ஒரு தாவல் தாவிவிட்டு மேலே ஏறிவிட வேண்டும். அப்படிச் செய்தால் மேல் லேயரில் கிரவுண்ட் நிரப்புவதால் மின்சார ரீதியாகப் பெரிய லாபம் இல்லை. துண்டு துண்டாகக் கிழிந்த பரப்புத்தான் கிடைக்கும். சூட்டைப் பரப்ப, இரண்டு லேயரிலும் செம்பின் அளவை ஓரளவு சமமாக்கிப் போர்டு வளையாமல் பார்த்துக்கொள்ள என்று காரணம் இருந்தால் நிரப்புங்கள், நிறையத் தைத்துவிடுங்கள். நான்கு லேயர் போர்டுக்குப் போனால் உள்லேயர் ஒன்று முழுக்கக் கிரவுண்டுக்கே ஒதுக்கப்படும். இந்தத் தலைவலியில் பாதி அங்கேயே போய்விடும்.

கடைசியாக, எப்போது நிரப்புவது என்ற கேள்வி. முதலிலேயே நிரப்பினால் கிரவுண்ட் கோடுகள் மறைந்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்ற நினைப்பு வந்துவிடும். அடுத்தடுத்துப் போடும் டிரேஸ்கள் பரப்பைக் கிழிப்பது கண்ணில் படாது. எல்லாம் முடிந்த பிறகு நிரப்பினால், மூலையில் மாட்டிக்கொண்ட கிரவுண்ட் பேடுகளுக்கு வழியே இருக்காது. எல்லைக்கோட்டை முதலிலேயே போட்டுவிட்டு, நிரப்பாமல் வைத்து, பத்துப் பன்னிரண்டு டிரேஸுக்கு ஒருமுறை நிரப்பிப் பார்த்து மறுபடி எடுத்துவிடுவது என் வழக்கம்.

பார்க்கும் விதமும் முக்கியம். மற்ற லேயர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கீழ் லேயரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் நுழையும் இடத்தின் கிரவுண்ட் காலில் விரலை வைத்து, அதிகம் மின்னோட்டம் எடுக்கும் பாகம் வரை திரையிலேயே நடந்து பாருங்கள். அப்புறம் வேகமான சிக்னல் ஒன்றை எடுத்துக்கொண்டு, மேல் லேயரை மங்கலாகத் தெரியும்படி வைத்து, அதன் நிழலில் நடங்கள். விரல் சுற்றிக்கொண்டு போக வேண்டி வந்தால், வழியை மறித்தது எந்த டிரேஸ் என்று பாருங்கள். பெரும்பாலும் யாரோ ஒரு எல்இடிக்குப் போகும் கோடாகத்தான் இருக்கும். அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, மறக்காமல் மறுபடி பி விசையைத் தட்டுங்கள்.